அடுத்த பெரிய விமானக் கிட் எது? ஊகங்களுக்கு அடியில் இருக்கும் உருக்கு அச்சு

யப்பானின் டமியா நிறுவனம் 1/32 அளவில், அதாவது உண்மை விமானத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில், மொஸ்கிட்டோ விமானக் கிட்டை (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுதியை) 2015-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்நிறுவனம் விமானத் துறையில் காட்டிய பெரிய உழைப்பு நெடுங்காலமாக 1/48 அளவிலேயே தங்கிவிட்டது. 2018-ல் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6, 2019-ல் பி-38 லைட்னிங், 2021-ல் எஃப்-4பி ஃபாண்டம், அதையடுத்து எஃப்-35ஏ என்று வரிசை நீண்டதே தவிர, 1/32-ல் முற்றிலும் புதிய விமானம் எதுவும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஷிசுவோக்கா பொழுதுபோக்குக் கண்காட்சி நெருங்கும்போது, "இந்த முறை கட்டாயம் வரும்" என்ற பேச்சு கொழும்பில் விமான மொடல் கட்டும் எங்கள் சிறிய வட்டத்திலும் எழுகிறது. இரண்டாம் உலகப்போர் விமானங்களில் தண்டர்போல்ட் என்பார் ஒருவர். ஹெல்கெட் என்பார் இன்னொருவர். ஹெரிக்கேன் வந்தே தீரும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவரும் உண்டு. இவற்றில் எந்த ஊகத்துக்கு மதிப்புத் தரலாம், எதை வெறும் ஆசை என்று ஒதுக்கலாம் என்பதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. அந்த வழி விமானத்தின் புகழிலிருந்து தொடங்குவதில்லை, அச்சிலிருந்து தொடங்குகிறது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய அளவு என்று இத்துறையில் வழங்குவது பொதுவாக 1/32-ஐயும் 1/24-ஐயும்தான். அண்மைக் காலத்தில் போர்டர் மொடல் போன்ற சீன நிறுவனங்கள், டாங்கி மொடல்களின் அளவான 1/35-ஐயும் விமானங்களுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. 12.19 மீற்றர் இறக்கை அகலம் கொண்ட ஹெரிக்கேன் 1/32-ல் 38 சென்ரிமீற்றராகவும் 1/24-ல் 51 சென்ரிமீற்றராகவும் வரும். 1/48-லிருந்து 1/32-க்குப் போகும்போது நீளம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது என்றாலும், பொருள் அடைக்கும் இடம் ஏறக்குறைய மூன்றரை மடங்காகிறது. பெட்டியின் பருமன், அனுப்பும் செலவு, அலமாரியில் வேண்டிய இடம், கடைக்காரர் துணிந்து வாங்கிவைக்கும் எண்ணிக்கை ஆகிய எல்லாவற்றையும் இந்தப் பெருக்கம் தொடுகிறது. ஆகவே 1/72-ல் அரிதான பயிற்சி விமானமொன்றைக்கூடத் துணிந்து வெளியிடும் ஒரு நிறுவனம், 1/32-ல் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கப் பல ஆண்டுகள் யோசிக்கிறது. ஓர் ஆண்டில் உலகம் முழுவதும் வெளிவரும் முற்றிலும் புதிய பெரிய அளவுக் கிட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊகம் இங்கே இவ்வளவு சூடாக இருப்பதற்குக் காரணமும் அந்தக் குறைந்த எண்ணிக்கைதான்.

ஒரு கிட்டின் செலவில் மிகக் கனமான பகுதி, பிளாஸ்டிக் உருக்கிச் செலுத்தப்படும் உருக்கு அச்சைச் செதுக்குவதில் விழுகிறது. ஆயிரம் பெட்டி விற்றாலும் இலட்சம் பெட்டி விற்றாலும் அந்தச் செலவு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டியது. பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, டெக்கல் (விமானத்தின் சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒட்டுப்படத் தாள்) ஆகியவற்றின் செலவு அதன் பக்கத்தில் சிறியது. எனவே திட்டமிடும் மேசையில் எழும் முதற் கேள்வி, "இந்த விமானத்தை எத்தனை பேர் விரும்புகிறார்கள்?" என்பதைவிட, "இந்த அச்சிலிருந்து எத்தனை பெட்டிகளை, எத்தனை வகைகளாக, எத்தனை ஆண்டுகள் எடுக்கலாம்?" என்பதாகவே இருக்கும். ஒரே உடலையும் இறக்கையையும் வைத்துக்கொண்டு மூக்கையும் வாலையும் மாற்றினால் வேறொரு வகை பிறக்குமானால், அந்த விமானத்துக்குக் கனதியான ஒரு புள்ளி விழுகிறது. இரண்டு நாடுகளுக்குமேல் பறந்திருந்தால், வேறு வேறு நாட்டு டெக்கல்களோடு அதே பிளாஸ்டிக்கை மீண்டும் விற்கலாம் என்பதால் இன்னொரு புள்ளி. எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் முழுமையான விமானம் நின்றால், அதை அளந்தோ லேசர் கருவியால் வருடியோ துல்லியமாக வரைந்துவிடலாம் என்பது மூன்றாவது. ஒரே ஒரு போரில் சில மாதங்கள் மட்டும் பறந்து, ஒரே ஒரு வகையோடு முடிந்து, இன்று ஒன்றுகூட மிஞ்சாத விமானம் எவ்வளவு வீரக்கதையைச் சுமந்திருந்தாலும் இந்தக் கணக்கில் பின்தங்கிவிடும்.

டமியாவின் ஸ்பிட்ஃபயர் வரிசையை எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். 2009-ல் மார்க் 9சி வந்தது (மார்க் என்பது ஒரு விமானத்தின் வகையைக் குறிக்கும் வரிசை எண்). 2010-ல் மார்க் 8. அதற்கடுத்து, உடலின் பின்பகுதி தாழ்ந்து குமிழ்க் கண்ணாடி கொண்ட மார்க் 16இ. மார்க் 8-க்கும் 9-க்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு சிறிது. உள்ளிழுக்கப்படும் வாற்சக்கரமும் குட்டையான எய்லரன்களும் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகள்) கண்ணில் படும் முக்கியமானவை. அந்த வேறுபாடுகளுக்கு வேண்டிய இடங்களில் பாகங்கள் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதற் பெட்டியைத் திறந்த அன்றே, அடுத்து வருவது என்ன என்பதை அனுபவமுள்ள கண் ஓரளவு படித்துவிட முடியும். பாகங்கள் தொங்கும் ஸ்பிரூச் சட்டங்களுக்கு நிறுவனங்கள் ஆங்கில எழுத்துகளை வரிசையாக இடுகின்றன; ஏ, பி, சி என்று போய் டி இல்லாமல் இ வந்தால், டி இன்னொரு பெட்டிக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணலாம். சேர்ப்பு வழிகாட்டித் தாளில் பாகங்களின் படம் அச்சிடப்பட்டிருக்கும் பக்கத்தில், "பயன்படுத்த வேண்டாம்" என்று நிழலிட்டுக் காட்டப்பட்டவை இன்னும் நல்ல சாட்சி. இறக்கை நுனி தனிப் பாகமாக இருப்பதும், உடலின் பின்பகுதி ஒரு தகட்டுக் கோட்டில் வெட்டுண்டு தனியே நிற்பதும், உள்பக்கத்தில் துளையிட வேண்டிய இடங்கள் மெல்லிய பள்ளமாக மட்டும் குறிக்கப்பட்டிருப்பதும் அதே வகைச் சாட்சிகள்தான். 2013-ல் சட்டமிட்ட கண்ணாடி கொண்ட ஆரம்பகாலக் கோர்சேர் எஃப்4யு-1 வந்தபோது, 1ஏ பின்தொடரும் என்று கட்டுவோர் சொன்னதற்கு உளவுச் செய்தி எதுவும் தேவைப்படவில்லை. பெட்டியிலேயே அது எழுதியிருந்தது.

இப்படி அச்சிலிருந்து படிக்கும் ஊகமே எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது. ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் குடும்பத்தின் அடுத்த பிள்ளையை மட்டுமே சொல்லும். புதிய குடும்பம் எது என்ற கேள்விக்கு வேறு சான்றுகளை நாடவேண்டியிருக்கிறது, அந்தச் சான்றுகளின் தரமோ மிக ஏற்றத்தாழ்வானது. கண்காட்சியில் ஒரு பெயர் சொல்லப்படுவது மிகக் கீழ்ப்படி. பட்டியலில் எண்ணோடு அச்சிடப்படுவது அதற்குச் சற்று மேலே. ஆனால் ட்ரம்பெட்டர் போன்ற நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெற்ற பெயர்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்ததைப் பார்த்தவர்கள், பட்டியல் எண்ணைக் கண்டு பணம் சேர்க்கத் தொடங்குவதில்லை. கணினி வரைபடம் வெளியிடப்பட்டால், பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றாவது தெரிகிறது. பரிசோதனை வார்ப்பு, அதாவது வெட்டிய அச்சிலிருந்து முதலில் எடுத்துப் பார்க்கும் பிளாஸ்டிக் பாகம், கண்காட்சி மேசையில் கிடந்தால்தான் உருக்கில் பணம் இறங்கிவிட்டது என்பது உறுதியாகிறது. அந்தப் படியிலிருந்தும் பெட்டி கடைக்கு வரப் பல மாதங்கள் பிடிக்கலாம். ஏர்ஃபிக்ஸ் தன் 1/24 ஹெல்கெட்டை 2017 நவம்பரில், டெல்ஃபோர்டில் நடக்கும் பிரித்தானிய மொடல் கண்காட்சியின்போது அறிவித்தது. பெட்டி கைக்கு வந்தது 2019-ல். அறிவித்ததை முடித்துக்காட்டும் ஒழுங்குள்ள நிறுவனத்துக்கே இவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

விங்நட் விங்ஸின் கதை, மேற்படிகளையும் நம்பி முழு எடை வைக்கக்கூடாது என்பதற்குச் சான்று. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆதரவில் நியூசிலாந்தில் இயங்கிய அந்த நிறுவனம், 2009 முதல் முதலாம் உலகப்போர் விமானங்களை மட்டும் 1/32-ல் வெளியிட்டுவந்தது. அந்தக் கிட்களின் கயிற்றிழைப்பு விளக்கங்களையும் வழிகாட்டி நூலின் அழகையும் இன்றும் மெச்சாதவர் இல்லை. பிறகு எவரும் எதிர்பாராத விதமாக, இரண்டாம் உலகப்போரின் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரை அறிவித்தது. வார்ப்புப் பாகங்கள் காட்சிக்கு வந்தன, படங்கள் பரவின, பலர் பணத்தை ஒதுக்கிவைத்தார்கள். 2020-ல் நிறுவனமே செயற்பாட்டை நிறுத்திக்கொண்டது. அந்தப் பெயரில் லங்காஸ்டர் வெளிவரவேயில்லை. ஆனால் உருக்கு அச்சும் வரைபடமும் சொத்து. நிறுவனம் மூடினாலும் அவை கைமாறும். விங்நட்டின் ஃபொக்கர் மூவிறக்கை விமானம் மெங் நிறுவனத்தின் பெட்டியில் வந்தது. பிற்பாடு போர்டர் மொடல் வெளியிட்ட 1/32 லங்காஸ்டர், விங்நட்டின் வடிவமைப்பு வழியில் பிறந்ததே என்று கட்டுவோரிடையே பரவலாகக் கருதப்படுகிறது. விங்நட்டில் பணிபுரிந்தவர்கள் சேர்ந்து நியூசிலாந்திலேயே கோட்டாரே என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கி, 2022-ல் 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 1ஏ-ஐக் கொண்டுவந்தார்கள். எனவே ஊகிப்பவர் ஒரு நிறுவனத்தின் அறிவிப்புகளை மட்டும் கவனித்தால் போதாது. மூடிய நிறுவனங்களின் அச்சுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். மச்பொக்ஸின் பழைய 1/32 லைசாண்டர் ரெவெலின் பெட்டியில் மறுபிறப்பு எடுத்ததும் இந்த வழியில்தான்.

ஒரே விமானத்தை இரண்டு நிறுவனங்கள் ஒரே காலத்தில் வெளியிடும் விசித்திரமும் இங்கிருந்தே விளக்கம் பெறுகிறது. 2015-ல் டமியாவும் எச்.கே. மொடல்ஸும் 1/32 மொஸ்கிட்டோவைத் தந்தன. முன்னது போர்-குண்டுவீச்சு வகை, பின்னது கண்ணாடி மூக்குக் குண்டுவீச்சு வகை. ஹைன்கெல் 219 இரவுப் போர் விமானத்தில் ரெவெலும் சோக்கேய்-முராவும், டோர்னியர் 335-ல் சோக்கேய்-முராவும் எச்.கே.யும் இவ்வாறே மோதிக்கொண்டன. ஒரு நிறுவனம் மற்றொன்றின் திட்டத்தைத் திருடிவிட்டது என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழும். எனக்கு அது தேவையற்ற சந்தேகமாகவே படுகிறது. சந்தையில் நிரம்பாத இடம் எது, எஞ்சியுள்ள விமானம் எங்கே நிற்கிறது, எத்தனை வகைகள் எடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் எல்லோரும் ஒரே காலத்தில் கேட்டால், விடையும் ஒன்றாகவே வரும். இரகசியம் காப்பதால்தான் இந்த மோதல் முன்கூட்டித் தெரியாமல் போகிறது. இதனால் பலியாவது பெரும்பாலும் மூன்றாவது நிறுவனத்தின் திட்டம்: இரண்டு பெட்டிகள் உள்ள இடத்துக்கு எவரும் மூன்றாவதாக வர விரும்புவதில்லை. எச்.கே.யும் போர்டரும் தந்த இரண்டு லங்காஸ்டர்கள் கடையில் இருக்க இன்னொன்றை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் அந்த அளவுக்கு அச்சு வெட்டத் துணிந்த நிறுவனங்கள் இருக்கின்றன என்ற செய்தி, வேறு நான்கு எஞ்சின் விமானங்களுக்குக் கதவு திறக்கிறது. ஹொபி பொஸ்ஸின் 1/32 பி-24 லிபரேட்டர் கட்டிமுடித்தால் இறக்கை ஒரு மீற்றரைத் தாண்டுகிறது. அளவு மட்டும் தடை என்ற வாதம் அதோடு முடிந்துவிட்டது.

கொழும்பில் வாழும் ஒருவருக்கு இந்த ஊகத்தில் தனியான அக்கறை இருப்பது இயல்பு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று காலை ஐந்து யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் இந்த நகரத்தின் மேல் வந்தன. அவற்றை எதிர்க்க, பிரித்தானிய விமானப்படையின் 30-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) ஹெரிக்கேன்கள் இரத்மலானையிலிருந்தும், 258-ஆம் ஸ்குவாட்ரனின் ஹெரிக்கேன்கள் இன்று கடைகளும் விளையாட்டுத் திடலும் இருக்கும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஏறின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை. கொழும்புத் தாக்குதலுக்கு முந்தைய நாள், ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடிய ஸ்குவாட்ரனின் கட்டலினாப் பறக்கும் படகொன்று அந்தக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியபின் சுட்டுவீழ்த்தப்பட்டது. இந்த இரண்டு மூன்று நாட்களின் விமானங்களை ஒரே அலமாரியில் பெரிய அளவில் நிறுத்த வேண்டும் என்பது எங்களில் பலருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசைப் பட்டியலை வெளியீட்டு வரலாற்றோடு ஒத்துப்பார்த்தால், மேலே சொன்ன கணக்கு எவ்வளவு பிசகாமல் நடந்திருக்கிறது என்பது தெரியும்.

சீரோ ஏ6எம்2 முதலில் வந்தது, 2006-ல், டமியாவிடமிருந்து. யப்பானிய நிறுவனம், யப்பானின் மிகப் புகழ்பெற்ற விமானம், 2000-ல் வெளிவந்த ஏ6எம்5 சீரோக் கிட்டின் அனுபவம் கையில். இதில் வியப்பு எதுவும் இல்லை. அதே கப்பல்களிலிருந்து வந்த மூவர் அமரும் கேட் குண்டுவீச்சு விமானம் அத்தகைய சலுகையைப் பெறவில்லை. போர்டர் மொடல் அதைக் கொண்டுவந்தபோது 1/35-ல் கொண்டுவந்தது. 15.5 மீற்றர் இறக்கை 1/32-ல் 48 சென்ரிமீற்றருக்கு மேலும் 1/35-ல் 44 சென்ரிமீற்றராகவும் அமையும். தனியே நின்றால் இந்த வேறுபாட்டை யாரும் கவனிக்கமாட்டார்கள். டமியாவின் சீரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் கேட் ஏதோ சிறுத்துப்போனதாகத் தோன்றும். ஒரே அலமாரியில் ஒரு நாளின் கதையைச் சொல்ல நினைப்பவருக்கு இது பெரிய இடையூறு. 1/35 விமானங்களின் வரவை நான் முழு மனதோடு வரவேற்காததற்குக் காரணம் இதுதான்: டாங்கிகளோடும் வீரர் உருவங்களோடும் காட்சி அமைப்பவருக்கு அது நன்மை, விமானத்தை விமானத்தோடு வைப்பவருக்கோ, ஒரு பெயர் 1/35-ல் வந்துவிட்டால் 1/32-ல் வரும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது.

ஹெரிக்கேன் இந்தப் பட்டியலில் மிகவும் சிந்திக்கத்தக்கது. 1940-ல் பிரித்தானிய வானில் நடந்த பிரித்தானியப் போரில் ஸ்பிட்ஃபயரைவிட அதிக எண்ணிக்கையில் பறந்த விமானம்; உலகின் பல விமானப்படைகளில் சேவை செய்தது; அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஆனாலும் 1/32-ல் நெடுங்காலமாக ரெவெலின் பழைய கிட்டையும், சிறு எண்ணிக்கையில் வார்க்கும் சிறு நிறுவனங்களின் கிட்களையும்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. ஸ்பிட்ஃபயரின் பெயர் இருக்கும் பெட்டிக்கு முன்னால் அது விற்பனையில் தோற்கும் என்ற அச்சமே முதற் காரணமாக இருக்க வேண்டும். குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய பின்னுடலை நம்பும்படி செதுக்குவதும் எளிதான வேலையன்று: துணி இரண்டு சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு தொய்கிறது என்பதைச் சற்று மிகைப்படுத்தினாலும், 38 சென்ரிமீற்றர் மொடலில் அது கட்டிலில் விரித்த போர்வைபோலத் தெரிந்துவிடும். கடைசியில் கதவைத் திறந்தது ரெவெல்தான். 2013-ல் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6, 2014-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 2ஏ என்று மிதமான விலையில் ஒற்றை எஞ்சின் விமானங்களைக் கொடுத்துவந்த அந்நிறுவனம், ஹெரிக்கேன் மார்க் 2பி-ஐயும் அதே வழியில் கொண்டுவந்தது. டமியாவை மட்டும் பார்த்துக்கொண்டு ஹெரிக்கேனுக்காகக் காத்திருந்தவர்கள், யாரிடம் அந்த விலைத்தட்டும் அந்த வரிசையும் இருந்தன என்பதைக் கவனிக்கத் தவறினார்கள். இரத்மலானையிலும் குதிரைப்பந்தயத் திடலிலும் இருந்தவற்றுள் 2பி வகை முக்கியமானது என்பதால், எங்களுக்கு அது சற்றும் எதிர்பாராத பேறு.

கட்டலினா 1/32-ல் 99 சென்ரிமீற்றர் அகலம் வரும். வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். லிபரேட்டர் வந்துவிட்டதால் அளவு தடையில்லை, அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா எனப் பல நாடுகளின் டெக்கல் கிடைக்கும், உலகெங்கும் முழு விமானங்கள் எஞ்சியிருக்கின்றன. கணக்கில் அது நன்றாகவே நிற்கிறது. எனினும் பறக்கும் படகை வாங்குவோர் குண்டுவீச்சு விமானத்தை வாங்குவோரைவிடக் குறைவு என்ற எண்ணம் பெருநிறுவனங்களிடம் ஊறியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கோர்சேர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. போரின் பிற்பகுதியில் பிரித்தானியக் கடற்படையின் கோர்சேர்கள் புத்தளத்திலிருந்தும் பறந்தன. அங்கே ஒரு யானை கோர்சேரை இழுத்துச்செல்லும் புகைப்படம் இத்துறையில் பலரும் அறிந்தது. பிரித்தானியக் கப்பல்களின் தாழ்ந்த கூரைக்கு ஏற்ப ஒவ்வோர் இறக்கை நுனியும் 8 அங்குலம் குறைக்கப்பட்டது. டமியாவின் 1/32 கோர்சேரில் அது ஆறு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டுகிறது: நுனியை வாளால் அறுத்து, உள்ளே பிளாஸ்டிக் துண்டு ஒட்டி, புட்டி இட்டு, உரசித் தேய்த்து, சற்றே சதுரமான அந்த விளிம்பை உருவாக்கினால் புத்தளத்து விமானம் கிடைத்துவிடும். நிறுவனம் அதைத் தனி வகையாக வெளியிடும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மில்லிமீற்றருக்காகப் பெருநிறுவனம் புதிய ஸ்பிரூ வெட்டுவது அரிது.

பிற்கால விமானங்களைப் பற்றியும் ஒரு சொல். 1971-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து இலங்கைக்கு வந்த மிக்-17-ஐ ட்ரம்பெட்டரின் 1/32 கிட்டிலிருந்து கட்டலாம், கட்டியவர்களும் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் குண்டு வீசிய கிபிர் விமானத்தைப் பெரிய அளவில் யாராவது தருவார்களா என்ற ஊகமும் அவ்வப்போது எழுவதுண்டு. வடக்கில் வளர்ந்தவர்களுக்கு அது பெட்டிப் படத்தில் முதன்முதலாகப் படித்த பெயரன்று. பதுங்குகுழிக்கு ஓடவைத்த பெயர். அந்த ஊகத்தில் எங்களில் சிலர் கலந்துகொள்வதில்லை என்பதை மற்ற நண்பர்கள் கேட்காமலே புரிந்துகொள்கிறார்கள்.

இங்கே ஊகம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாததற்குப் பணமே காரணம். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 100 டொலர் பெறுமதியான கிட் ஒன்றுக்கு 20,000 ரூபாவளவில் கணக்கிட்ட ஒருவர், அதே ஆண்டின் நடுப்பகுதியில் 36,000 ரூபாவளவில் கணக்கிட வேண்டியிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டுமன்றிப் பெட்டியின் பருமனையும் வைத்துக் கட்டணம் அறவிடுவதால், 1/32 பெட்டிக்கு விலையோடு போட்டிபோடும் அனுப்புக் கூலி சேர்கிறது. ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரின் பயணப்பெட்டிதான் பலருக்கும் வழி. ஆனால் அத்தையிடம் லங்காஸ்டர் பெட்டியைக் கொண்டுவரச் சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆண்டுக்கு ஒரு பெரிய கிட் வாங்குவதே அரிதாகிவிட்டபோது, இருக்கும் பழைய கிட்டை இப்போது வாங்குவதா, புதியது வரும் என்று பொறுப்பதா என்ற முடிவை ஊகத்தின் மேல்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இருப்பவர் இந்தச் சிக்கலை வாங்கி அடுக்கிவைப்பதன் மூலம் தீர்த்துக்கொள்கிறார். கொழும்பின் கடற்காற்றில் அது பாதுகாப்பான வழியன்று. ஈரப்பதத்தில் டெக்கல் தாள் மஞ்சளாகிறது, அதன் பசை வலுவிழக்கிறது. சில கிட்களில் வரும் மென்மையான வைனில் டயர்கள் வெப்பத்தில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகின்றன. பத்து ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது, சக்கர நடுவட்டு தன் டயரோடு உருகி ஒட்டிக்கிடப்பதைக் கண்ட பின் எவருக்கும் சேர்த்துவைக்கும் ஆர்வம் குறையும். டெக்கலைக் காற்றுப்புகாத உறையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, டயர்களைத் தனி உறையில் பிரித்துவைப்பது ஓரளவு உதவும். அதைவிட, கட்டப்போகும் காலத்தை ஒட்டி வாங்குவதே இங்கே நல்லது. அதற்குத் தரமான ஊகம் வேண்டும்.

இப்போது என் சொந்த ஊகத்துக்கு வருகிறேன். பெரிய அளவில் புதிய அச்சுக்கு மிகத் தகுதியான பிரித்தானிய விமானம் பியூஃபைட்டர் என்பது என் கணிப்பு. இலங்கைக்கும் அதோடு நெருங்கிய உறவு உண்டு: வவுனியாவில் நிலைகொண்டிருந்த 22-ஆம் ஸ்குவாட்ரன், 1944-ல் போஃபோர்ட் விமானங்களைக் கைவிட்டுப் பியூஃபைட்டருக்கு மாறியது. 1/32-ல் 55 சென்ரிமீற்றர் அகலம். மொஸ்கிட்டோவைவிடச் சற்றே பெரியது, ஆகவே டமியாவும் எச்.கே.யும் ஏற்கெனவே விற்றுக்காட்டிய பெட்டி அளவுதான். இரவுப் போர், கரையோரத் தாக்குதல், டோர்ப்பீடோ, அவுஸ்திரேலியாவில் கட்டிய மார்க் 21 என்று ஒரே உடலிலிருந்து பல பெட்டிகள் எடுக்கலாம். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, தென்னாபிரிக்கா ஆகியவற்றோடு அமெரிக்க இரவுப் போர் ஸ்குவாட்ரன்களும் அதைப் பறக்கவிட்டதால், மிகப் பெரிய சந்தையும் கைவிட்டுப் போகாது. இலண்டன் ஹென்டனிலும் அமெரிக்காவின் டேட்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் முழு விமானங்கள் நிற்கின்றன, அளப்பதற்குத் தடையில்லை. 1970-களில் வந்த ரெவெலின் 1/32 பியூஃபைட்டரைப் பலர் இன்றும் தேடிப்பிடித்துத் திருத்திக் கட்டுவதே, இந்த விமானத்துக்கான பசி ஆறவில்லை என்பதற்குச் சாட்சி. எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஒன்றே: இரண்டு எஞ்சின் விமானத்தின் விலையில் ஒரு வாங்குநர் மெஸ்ஸர்ஷ்மிட் இரண்டை வாங்கலாம், நிறுவனங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

யார் செய்வார்கள் என்று கேட்டால், டமியாவை நான் முதலில் சொல்லமாட்டேன். 1/48-ல் அந்நிறுவனம் காணும் விற்பனையும், மொஸ்கிட்டோவின் வரவுக்குப் பின்னான நீண்ட மௌனமும் வேறு திசையைக் காட்டுகின்றன. குண்டுவீச்சு விமானங்களில் தேர்ந்த எச்.கே., பிரித்தானிய வகைகளை நன்கறிந்த கோட்டாரே, பழைய அச்சைத் தன்னிடமே வைத்திருக்கும் ரெவெல் ஆகியவற்றில் ஒன்றுக்கே வாய்ப்புக் கூடுதல் என்பது என் எண்ணம். விலையை வைத்துப் பார்த்தால் ரெவெலின் பெட்டியே கொழும்புக்கு உகந்தது. அத்தகைய அறிவிப்பு வந்து, ஸ்பிரூவின் முதற் படம் வெளியாகும் நாளில் பெட்டி ஓவியத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். மூக்கு நுனி உடலோடு சேர்ந்து வார்க்கப்பட்டிருக்கிறதா, தனிப் பாகமா? கிடைவால் தட்டையாக மட்டும் இருக்கிறதா, மேல்நோக்கிச் சாய்ந்த இரண்டாவது சோடியும் உண்டா? பின்னிருக்கையாளரின் துப்பாக்கிக்கு இடம்விட்ட கண்ணாடிக் குமிழ் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் வவுனியாவில் பறந்த மார்க் 10 முதற் பெட்டியிலோ அடுத்ததிலோ வந்துவிடும். மூக்கு உடலோடு ஒட்டி, கிடைவால் தட்டையாக மட்டும் இருந்தால் அது ஆரம்பகால இரவுப் போர் வகைக்காக வெட்டிய அச்சு. வவுனியாவின் விமானத்தைக் கட்ட நினைப்பவர் அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுக்காமல் அடுத்த ஸ்பிரூ வரும்வரை பொறுக்க வேண்டியிருக்கும்.